அந்தத் தாய்க்குச் சொல்லாதது



1980களில் என் ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அழுவான். "செல்லம் கொடுத்தே கெடுத்துவிட்டீர்களே அம்மா" என்று அவன் தாயிடம் சொன்னேன். அவர் பதில் பேசாமல் கூட்டிப்போனார். பிறகு அவன் வரவே இல்லை.

ஓய்வுக்குப் பின் படித்தபோதுதான் புரிந்தது, நான் மட்டுமல்ல, படித்த உலகமே அந்தத் தாய்மாரைப் பழித்திருக்கிறது. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை அடையாளம் காட்டினார். அதன்பின் பல ஆண்டுகள், தாயின் பாசக் குறைவே காரணம் என்று பேரறிஞர்களே சொல்லிவந்தார்கள்.

அதை எதிர்த்து நின்றவர்கள் பெற்றோர்களே. 1962-இல் லண்டனில் சிலர் கூடிச் சங்கம் தொடங்கினார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், அப்படியொரு பிள்ளையின் தகப்பன், தாய்மேல் குற்றமில்லை என்று நூலே எழுதினார். லண்டனில் சிபில் எல்கர் என்ற ஆசிரியை தம் வீட்டிலேயே இந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவரைக் கொண்டு 1965-இல் அந்தச் சங்கம் பள்ளி திறந்தது.

நம் நாட்டிலோ 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே இல்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் இடம் கிடைத்தது.

எல்கரும் ஆசிரியை, நானும் ஆசிரியன். அவர் கதவைத் திறந்தார். நான் பழி சொன்னேன்.

உங்கள் தெருவில் அப்படியொரு பிள்ளை இருந்தால், வளர்ப்பைக் குறை சொல்லாதீர்கள். "ஒரு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்வாம்மா" என்று சொல்லுங்கள். அந்தத் தாய்க்கு நான் சொல்லாமல் விட்டது அதுதான்.