மன்னார்ச் சலாபமும் கணினியின் மீளழைப்பும்

மன்னார்க் கரையிலே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களை அடுத்துள்ள முத்துப்பார்கள் தொன்றுதொட்டுப் புகழ்பெற்றவை. 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போத்துக்கேயரும், 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும், 1795இல் வந்த ஆங்கிலேயரும் முத்துச்சலாபத்தின் வருவாயைப் பெரிதும் மதித்தனர். தேசாதிபதி நோர்த் அரிப்பிலே கட்டுவித்த மாளிகையின் சிதைவுகளை இன்றும் காணலாம். ஆயினும் ஈண்டு நாம் ஆராயப் புகுவது முத்தின் விலையன்று. சலாபத்தை இயக்கிய அறிவிப்பு முறையேயாம். இக்காலக் கணினியின் உள்ளமைப்பை விளங்கிக்கொள்வதற்கும் அது துணைபுரிகின்றது.

பெர்சிவல், கோர்டினர் முதலிய ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சலாபத்தை வருணித்துள்ளனர். இரவிலே கரையிற் பீரங்கி முழங்கும். தோணிகள் யாவும் தரைக்காற்றைத் துணைக்கொண்டு ஒருங்கே புறப்படும். பொழுது புலர்ந்தபின் குளிப்புத் தொடங்கும். நண்பகலிற் கடற்காற்று எழ, தோணிகள் கரைக்கு மீளும். தோணியொன்றிற் கற்கள் ஐந்து, சுழியோடிகள் பதின்மர். ஐவர் மூழ்க, ஐவர் இளைப்பாறுவர். சுழியோடி கல்லிற் கட்டிய கயிற்றிலே காலை ஊன்றி, ஐந்து முதற் பத்துப் பாகம் வரையுள்ள ஆழத்துக்கு இறங்குவான். ஏறக்குறைய ஒரு நிமிட நேரத்துட் சிப்பிகளைப் பையில் வாரியிடுவான். மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவான். மேலே கயிறு பிடித்திருப்பவன் அக்கணமே இழுத்தல் வேண்டும். அவன் சுழியோடியின் மைத்துனனாய் இருத்தல் வேண்டுமெனக் கரையோரத்தார் கூறுவர். தங்கையின் தாலியைக் காக்க வேண்டியவன் கைதளரான் என்பது அதன் கருத்து.

இனிக் கணினியை நோக்குவோம். தொடக்ககாலக் கணினி, தன்னோடு இணைந்த கருவியை, ‘முடிந்ததா, முடிந்ததா’ என ஓயாது வினவிக்கொண்டிருந்தது. அதனாற் காலம் வீணாயிற்று. 1950களிற் குறுக்கீடு என்னும் முறை தோன்றியது. வேலை முடிந்ததும் கருவியே கணினிக்கு அறிவித்தது. ஒல்லாந்து நாட்டறிஞர் டைக்ஸ்ட்ரா, எக்ஸ்-1 என்னும் கணினிக்குக் குறுக்கீட்டை ஏற்று நடத்தும் நிரலை எழுதினார். 1959இல் அது பற்றிய ஆய்வேட்டுக்குக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அறிவிப்பு எக்கணம் வருமென முன்கூட்டி உரைத்தல் இயலாது. ஒருமுறை நேர்ந்த பிழை மறுமுறை அவ்வாறே நேராது. ஆதலாற் சோதனையை மட்டும் நம்பாது, நிரலின் அமைப்பையே ஐயத்துக்கு இடமின்றி வகுத்தல் வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை.

இன்று பணிசெயல் முறைமையின் உட்கருவாகிய கேர்னலும், கருவிகளை நடத்தும் சாதனச் செலுத்திகளும் இவ்வழியே இயங்குகின்றன. ‘இந்நிகழ்ச்சி நேர்ந்தால் எனது இச்செயற்கூற்றை அழைக்க’ எனச் செலுத்தி முன்னரே கேர்னலிடம் பதிவுசெய்து வைக்கும். நிகழ்ச்சி நேர்ந்ததும் கேர்னல் அதனை அழைக்கும். இதுவே மீளழைப்பு. இதனை வகுப்பார் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் மூன்றையும் சலாபத்திலேயே காணலாம்.

முதலாவது, அழைப்பு எவரிடமிருந்து வந்தது என்பது தெளிவாதல் வேண்டும். ஒவ்வொரு சுழியோடிக்கும் தனிக்கயிறு உண்டு. எக்கயிறு அசைந்ததோ அதனையே இழுப்பர். அவ்வாறே பதிவு செய்யும்போது, எக்கருவிக்குரியது என்னும் அடையாளத்தையும் உடன் கொடுத்துவைத்தல் வேண்டும்.

இரண்டாவது, அழைக்கப்பட்ட இடத்திலே செய்யும் வேலை மிகக் குறுகியதாதல் வேண்டும். கயிறு பிடிப்பவன் சிப்பியைப் பிளந்து முத்துத் தேடுவானல்லன். எண்ணுவதும் பங்கிடுவதும் கரையிலே நடைபெறும். 1905ஆம் ஆண்டுச் சலாபத்திற் சிப்பிகளை மூன்று குவியலாக்கி, இரண்டினை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. லினக்ஸ் முறைமையை ஆக்கியோரும் வேலையை மேற்பாதி, கீழ்ப்பாதி எனப் பிரித்தனர். மேற்பாதி அறிவிப்பை ஏற்று உடனே மீளும். நெடிய வேலை பின்னர் நடைபெறும். மேற்பாதி காத்துநின்றால் ஏனைய வேலைகளும் தடைப்படும்.

மூன்றாவது விதியே பெரும்பாலும் மறக்கப்படுவது. கயிறு பிடிப்பவன் இடத்தைவிட்டு எழ வேண்டுமாயின், ஆழத்திலுள்ளவனை முதலில் மேலேற்றுதல் வேண்டும். செலுத்தியும் நினைவகத்தைவிட்டு நீங்குமுன், தன் பதிவை நீக்கி, ஏற்கெனவே தொடங்கிய அழைப்புகள் முடியும்வரை காத்திருத்தல் வேண்டும். அன்றேல் கேர்னல் வெற்றிடத்தை அழைக்கும். கணினி முழுவதும் வீழும்.

கேர்னலிற் சிறுபிழை எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 2024ஆம் ஆண்டு யூலை 19ஆந் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்புச் செலுத்தி, தனக்கு உரித்தல்லாத நினைவகப் பகுதியைப் படிக்க முயன்றது. ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன; விமானங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின.

மன்னார்ச் சலாபம் 1906இல் இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டபின் விரைவில் நலிந்தது. அரிப்பிலே இன்று அப்பீரங்கி ஒலிப்பதில்லை. எனினும் இப்பகுதி மாணவர் நாளை கணினி நிரல் எழுதப் புகும்போது, அந்நியமான கலையொன்றைக் கற்பதாக மயங்க வேண்டியதில்லை. கயிற்றின் மறுமுனையிலே ஓர் உயிர் மூச்சடக்கிக் காத்திருப்பதை எம் முன்னோர் மறந்தாரல்லர். அந்நினைவே இக்கலைக்கும் முதற்பாடமாகும்.