உறவுச்சொல்லும் சமூக ஆய்வும்: திராவிட உறவுமுறை ஆய்வு வரலாற்றின் சில படிநிலைகள்

1. முன்னுரை

பல்கலைக்கழகங்களில் மொழியியலும் சமூக மானிடவியலும் தனித்தனித் துறைகளாக இயங்குகின்றன. எனினும், இவ்விரு துறைகளுள் எதுவும் மற்றொன்றை விடுத்துத் தனித்து ஆராய இயலாத பொருள் ஒன்று உண்டு. அதுவே உறவுமுறை. உறவுமுறை ஆய்வுக்குரிய முதன்மைச் சான்று சொல். 'மாமன்' என்ற சொல்லுக்கு ஆய்வாளர் எழுதும் பொருள் பிழைபட்டால், அச்சொல்லின்மேல் எழுப்பப்படும் சமூகக் கோட்பாடும் பிழைபடும். 1871 முதல் 1981 வரையிலான திராவிட உறவுமுறை ஆய்வின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது.

2. மார்கனும் தமிழ்ச் சொற்பட்டியலும்

இவ்வாய்வு பல்கலைக்கழகத்திற்கு வெளியே தொடங்கியது. லூயிஸ் ஹென்றி மார்கன் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வாழ்ந்த வழக்கறிஞர். இரோக்குவா மக்களுள் ஒரு பிரிவினரான செனிக்கர், தந்தையின் உடன்பிறந்தானையும் தந்தை என்றே வழங்குவதை அவர் கண்டார். இவ்வழக்கு வேறு மொழிகளிலும் உண்டா என அறிய, அச்சிட்ட வினாநிரல்களைப் பல நாடுகளுக்கு அனுப்பினார். தமிழுக்குரிய விடைகள் தென்னிந்தியாவில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர் வாயிலாகக் கிடைத்தன. அவற்றின் பயனாய் உருவான பெருநூலைச் சுமித்சோனியன் நிறுவனம் 1871-இல் வெளியிட்டது.

தமிழ் முறையும் செனிக்கர் முறையும் ஒன்றே என்பது மார்கனின் முடிவு. அமெரிக்கத் தொல்குடியினர் ஆசியாவிலிருந்து குடிபெயர்ந்தோர் என்னும் தம் கருத்துக்கு இதனை அவர் சான்றாக்கினார். ஆயின், அவருடைய பட்டியலிலேயே ஒரு வேறுபாடு பதிவாகியிருந்தது. ஓர் ஆடவனுக்கு அவனுடைய மாமன் மகனின் பிள்ளைகள் செனிக்கர் மொழியில் மக்கள், தமிழிலோ மருமக்கள். மாமன் மகளின் பிள்ளைகள் செனிக்கர் மொழியில் மருமக்கள், தமிழிலோ மக்கள். தமிழ் வழக்கின் காரணம் வெளிப்படை. மாமன் மகள் மணமுறைக்கு உரியவள். ஆதலின் அவள் பிள்ளைகள் தன் பிள்ளைகளுக்கு ஒப்பாவர். மாமன் மகன் தன் உடன்பிறந்தாளை மணக்கும் முறையினன். ஆதலின் அவன் பிள்ளைகள் மருமக்கள் ஆவர். மார்கன் இவ்வேறுபாட்டைச் சிறியதெனக் கருதினார். இரோக்குவா மொழிகளில் வல்லவரான யேல் பல்கலைக்கழக அறிஞர் ஃப்ளாய்ட் லவுன்சுபரி, இவை இரு வேறு அமைப்புகள் என்பதை 1964-இல் பொருண்மைப் பகுப்பாய்வு வழி நிறுவினார். தரவு கையில் இருந்தும் விளக்கம் கிடைக்கத் தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் ஆயின.

3. நீலகிரி: இரு களஆய்வுகள்

கேம்பிரிட்ஜ் அறிஞர் ரிவர்சு தொதவரைப் பற்றிய தம் நூலை 1906-இல் வெளியிட்டார். மொழிபெயர்ப்பாளர் துணையுடன் களஆய்வு செய்த அவர், தந்தைவழிக் குலங்களை விரிவாக விளக்கினார். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களஆய்வு நிகழ்த்திய மறி பி. எமனோ, மொழியியல் பயிற்சியோடு தொதவ மொழியை ஆராய்ந்தார். தந்தைவழிக் குலங்களோடு தாய்வழிக் குலங்களும் தொதவரிடையே உண்டென்பதையும், மணவிலக்கு இரண்டையும் சார்ந்தது என்பதையும் அவர் வெளிப்படுத்தினார். சபீர் நினைவாக 1941-இல் வெளிவந்த தொகுப்பில் உறவுச்சொற்களையும் இவ்விருவழி மரபையும் இணைத்து ஆராய்ந்தார். ரிவர்சின் உழைப்பு குறைவானதன்று. சமூக அமைப்பின் ஒரு பாதி, அம்மக்களின் மொழி வழியே அணுகியவருக்கே புலப்பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

4. 1953: இரு நோக்குகள்

புணேயின் டெக்கன் கல்லூரி 1939-இல் முதுநிலை ஆய்வு நிறுவனமாக மீண்டும் திறக்கப்பட்டபோது, மொழியியல், தொல்லியல், சமூகவியல் ஆகியன ஒரே கூரையின்கீழ் அமைந்தன. அங்குப் பணியாற்றிய ஐராவதி கார்வே, இந்திய உறவுமுறை அமைப்பைப் பற்றிய தம் நூலை 1953-இல் வெளியிட்டார். இந்தியப் பண்பாட்டை அறிய மொழிப் பகுதிகள், சாதி, குடும்ப அமைப்பு ஆகிய மூன்றையும் அறிதல் வேண்டும் என்பது அவர் அடிப்படை. நாட்டை வடக்கு, நடு, தெற்கு, கிழக்கு என நான்கு மண்டலங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் உறவுச்சொற்களையும் மணமுறைகளையும் ஒப்பிட்டார்.

இந்தியில் தாயின் உடன்பிறந்தான் 'மாமா'. மனைவியின் தந்தை 'சசுர்'. குருதியுறவும் மணவுறவும் அங்குச் சொல்லாலேயே பிரிகின்றன. தமிழில் 'மாமன்' இருவரையும் குறிக்கும். 'அத்தை' தந்தையின் உடன்பிறந்தாளையும் மாமியாரையும் குறிக்கும். நடுமண்டலத்து மராத்தியில் நிலை இடைப்பட்டது. மாமனாரைச் சுட்டும் சொல் 'சாசரா'. ஆயின் மரபு வழக்கில் மருமகள் அவரை விளிக்கும் சொல் 'மாமஞ்சி'. சுட்டுச்சொல் வடக்கையும் விளிச்சொல் தெற்கையும் சார்ந்து நிற்கின்றன. சுட்டுச்சொற்களை மட்டும் தொகுக்கும் ஆய்வாளர் இவ்விடத்தில் பாதி உண்மையையே பெறுவார்.

அதே 1953-இல், மதுரைப் பகுதியில் பிரமலைக் கள்ளரிடையே களஆய்வு செய்திருந்த லூயி துய்மோன், 'மேன்' இதழில் திராவிட உறவுச்சொற்களை மணவுறவின் வெளிப்பாடாக விளக்கினார். மாமனை முதலில் 'தாயின் உடன்பிறந்தான்' எனக் கொண்டு, பின்னர் மாமனாராகும் பொருளைக் கிளைப்பொருளாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பது அவர் வாதம். மாமன் என்பவன் தந்தையோடு மணத்தொடர்பு உடையவன். அத்தொடர்பு தலைமுறை தோறும் தொடர்கிறது. தாயின் உடன்பிறந்தானைக் குருதியுறவினனாகவே கொண்ட ராட்கிளிஃப் பிரவுன், அவ்விதழிலேயே மறுப்புத் தெரிவித்தார். பங்காளி ஒருபுறமும் மாமன் மைத்துனர் மறுபுறமுமாகப் பிரித்துப் பேசும் தமிழருக்குத் துய்மோனின் பாகுபாடு புதிதன்று. 'தாயின் உடன்பிறந்தான்' என்ற பெயர்ப்பே அப்பாகுபாட்டை மறைத்துவிட்டது. அறிஞரிடையே நிகழ்ந்த இவ்விவாதத்தின் அடியில் இருந்தது ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்.

5. ஒப்பீட்டு முறையும் வரலாறும்

பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961-இல் வெளிவந்தது. இனமொழிச் சொற்களை ஒப்பிட்டு மூலவடிவை மீட்டமைக்கும் முறை, சொல்லுக்கு மட்டுமன்றிச் சொற்கள் சேர்ந்த அமைப்புக்கும் பொருந்துமா என்னும் வினா எழுந்தது. வரலாற்றறிஞர் தாமஸ் டிரவுட்மன் 1981-இல் வெளியிட்ட நூலில் திராவிட உறவுமுறையின் மூல அமைப்பை இவ்வழியில் மீட்டமைக்க முயன்றார். மொழியியலின் முறை, மானிடவியலின் வினா, வரலாற்றியலின் நோக்கு ஆகிய மூன்றும் அந்நூலில் இணைந்தன.

6. முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் பெறத்தக்கன மூன்று. முதலாவது, உறவுச்சொல்லுக்குப் பிறமொழிச் சொல் ஒன்றை நிகராகத் தருதல் போதாது. ஆங்கிலத்தின் 'அங்கிள்' பெரியப்பாவையும் சித்தப்பாவையும் மாமாவையும் ஒன்றாக்கும். 'கசின்' உடன்பிறந்தார் முறையினரையும் மணமுறையினரையும் ஒன்றாக்கும். தமிழிலிருந்து செல்லும்போது 'மருமகன்' என்பதை உடன்பிறந்தாள் மகன், மகளின் கணவன் என ஏதேனும் ஒன்றாகக் குறுக்க நேரும். அச்சொல்லின் பொருள் அவ்விரண்டும் ஒன்றாதலில்தான் உள்ளது. இரண்டாவது, சுட்டுச்சொல்லும் விளிச்சொல்லும் தனித்தனியே பதிவாதல் வேண்டும். மூன்றாவது, மணமுறை மாறும்போது சொல் உடனே மாறுவதில்லை. உறவில் மணம் செய்யாத குடும்பங்களிலும் மாமனார் 'மாமா' என்றே அழைக்கப்படுகிறார். ஆதலின் சொல்லை வழக்கத்தின் நேர்ப்படிவமாகக் கொள்ளாமல் பழைய வழக்கின் எச்சமாகவும் ஆராய்தல் தகும்.

அகராதித் தொகுப்பாளர் எழுதும் ஒருவரிப் பொருள், பிற துறையினர்க்குத் தரவாகிறது. அவ்வொரு வரியின் செம்மையே பிற மனிதவியல் துறைகளுக்கு மொழியியல் ஆற்றும் முதற்கடன்.