தடையும் விலக்கும்: பாராடாங் வழியே நுழைவு அனுமதியின் வரலாறு

முன்னுரை

நுழையக் கூடாது என்று சட்டம் ஒருவரைத் தடுக்கிறது. அதே சட்டம் தகுந்த காரணம் இருந்தால் அத்தடையிலிருந்து அவருக்கு விலக்கு அளிக்கவும் இடம் வைக்கிறது. குடிவரவுச் சட்டங்களில் பெரும்பாலானவை இந்த இரட்டை அமைப்பில்தான் இயங்குகின்றன. தடை வெளிப்படையானது, அச்சில் கிடைப்பது. விலக்கு அப்படியல்ல, அது அலுவலர் ஒருவரின் மேசையில், விண்ணப்பம், விசாரணை, நிபந்தனை, கையொப்பம் என்னும் படிகளில் நிகழ்கிறது. ஆகவே ஒரு தடையின் உண்மையான வலிமையை அறிய வேண்டுமானால், அதன் விலக்கு எவ்வாறு வழங்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

இதற்கு அந்தமானின் பாராடாங் தீவு நல்ல ஆய்வுக்களம். தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையில் கிடக்கும் இத்தீவுக்குத் தென் அந்தமானிலிருந்து தரைவழியாகப் போகும் எவரும் ஜாரவா பழங்குடிக் காப்பகத்தை ஊடுருவிச் செல்லும் சாலையில்தான் போக வேண்டும். அயல்நாட்டாருக்கு ஒரு தடை, இந்தியர் உட்பட வெளியார் அனைவருக்கும் இன்னொரு தடை, காட்டுக்குள் போவோருக்கு மூன்றாவது ஒன்று என மூன்று அடுக்குகள் இந்த வழியில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தன. ஆளைப் பார்த்து, காரணம் கேட்டுத் தரப்பட்ட தனி அனுமதி, எழுபது ஆண்டுகளில் எப்படிக் கூட்டத்துக்கு மொத்தமாகத் தரப்படும் அனுமதியாக மாறியது என்பதையும், அந்த மாற்றத்தில் யாருடைய நலன் கணக்கிலிருந்து விடுபட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தண்டனைத் தீவிலிருந்து பழங்குடிக் காப்பகம் வரை

1858 மார்ச்சில் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கினர். அக்காலத்தில் தீவுக்குள் வருவதும் தங்குவதும் அரசின் இசைவுக்கு உட்பட்டே இருந்தன. அந்தக் கட்டுப்பாடு கைதிகளைக் காவலுக்குள் வைப்பதற்காக ஏற்பட்டது. மண்ணின் மக்களைக் காப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை. விளைவை மக்கள்தொகைக் கணக்கு சொல்கிறது. பாராடாங்கும் அதன் சுற்றுவட்டமும் பெரும் அந்தமானியரின் உறவுக்குழுக்கள் வாழ்ந்த நிலம். குடியேற்றத்துக்கு முன் ஆயிரக்கணக்கில் இருந்த அம்மக்கள் 1901 கணக்கெடுப்பில் 625 பேராகவும், 1971இல் 24 பேராகவும் குறைந்தனர். அம்மை, மேகநோய், மது ஆகியன அவர்களை அழித்தன. எஞ்சியோர் 1970 அளவில் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ‘ராஞ்சி’ மக்களின் வழிவந்தோரும், பின்னர் வந்த குடியேறிகளும் இன்று பாராடாங்கில் வாழ்கின்றனர்.

இந்தப் பேரழிவின் பின்னணியில்தான் 1956ஆம் ஆண்டின் அந்தமான் நிக்கோபார் தீவுகள் (தொல்குடிகள் பாதுகாப்பு) ஒழுங்குமுறைச் சட்டத்தைப் படிக்க வேண்டும். குடியரசுத் தலைவரால் பிறப்பிக்கப்பட்ட இச்சட்டம் சில நிலப்பரப்புகளைக் காப்பகங்களாக அறிவிக்கும் அதிகாரத்தைத் தலைமை ஆணையருக்கு அளித்தது. தொல்குடியினர் அல்லாதோர் அங்கே நுழையக் கூடாது. நுழைவதானால் அனுமதிச் சீட்டு பெற்று, அதில் குறித்த நிபந்தனைகளின்படி நடக்க வேண்டும். நிலம் வாங்குவதும் வணிகம் செய்வதும் கட்டுப்படுத்தப்பட்டன. 1957இல் ஜாரவா காப்பகம் அறிவிக்கப்பட்டது.

இச்சட்டத்தின் நோக்கு கூர்ந்து கவனிக்கத்தக்கது. அது குடியுரிமையைப் பார்க்கவில்லை. சென்னையிலிருந்து வந்தவரும் இலண்டனிலிருந்து வந்தவரும் அதன் முன் வெளியாரே. நாட்டின் எல்லைக்குள்ளேயே, நாட்டின் குடிமகனையே ‘நுழையத் தகாதவர்’ என்று சொல்லும் துணிவு அதற்கு இருந்தது. விலக்கு வேண்டுபவர் தனி ஆளாக வந்து, எதற்காகப் போகிறேன் என்று சொல்லி, மாவட்ட நிருவாகத்திடம் சீட்டுப் பெற வேண்டும். நிக்கோபாருக்குப் போகும் இந்தியர்கள் இன்றும் பெறவேண்டிய ‘டிரைபல் பாஸ்’ இந்த மரபில் வருவது. 

அயல்நாட்டாருக்கான தடை

1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டத்தின் கீழ் 1963இல் பிறப்பிக்கப்பட்ட கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகள் ஆணை, அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதி முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இதன் கவலை வேறு: நாட்டின் பாதுகாப்பு. மலாக்கா நீரிணையின் வாயிலில் கிடக்கும் தீவுத்தொடரில் அயல்நாட்டார் யார் யார் நடமாடுகின்றனர் என்பதை அரசு அறிந்திருக்க விரும்பியது. விசா கையில் இருந்தாலும் தனியே ‘ஆர்ஏபி’ எனப்படும் பகுதி அனுமதி பெற வேண்டியிருந்தது.

காலப்போக்கில் நடைமுறை எளிதாயிற்று. சுற்றுலாப் பயணி போர்ட் பிளேரில் இறங்கியதும் குடிவரவு மேசையில் படிவம் நிரப்பினால் 30 நாள் அனுமதி கிடைத்தது. பின்னர் 15 நாள் நீட்டிப்பும் பெற முடிந்தது. போகலாகும் தீவுகள், பகலில் மட்டும் போய்த் திரும்ப வேண்டியவை, இரவு தங்கக் கூடியவை என்று அனுமதியிலேயே வகைபிரிக்கப்பட்டிருந்தது. பாகிஸ்தான், சீனா, ஆப்கானிஸ்தான் குடிமக்களுக்கும் அவ்வழி வந்தோருக்கும் இந்த எளிமை இல்லை; உள்துறை அமைச்சகத்தின் முன் இசைவு தேவைப்பட்டது. மியான்மர் குடிமக்கள் மாயாபந்தர், டிக்லிபூர் பகுதிகளுக்குப் போக அதே விதி. ஆக, ஒரே தடைக்குள் இரண்டு வழிகள் உருவாயின: பெரும்பாலோருக்கு வந்த இடத்திலேயே முத்திரை, சிலருக்கு மட்டும் டில்லி வரை சென்று திரும்பும் கோப்பு.

காட்டைப் பிளந்த சாலை

1970களில், பாராடாங்குக்குப் போகும் அந்தமான் டிரங்க் சாலையின் பணிகள் ஜாரவா காப்பகத்துக்குள் புகுந்தன. ஜாரவாக்கள் அதை எதிர்த்தனர். அம்புகளால் தொழிலாளர்கள் மாண்டனர். எதிர்த்தாக்குதலில் ஜாரவாக்களும் மாண்டனர். 1956 சட்டம் நுழையத் தடைவிதித்த நிலத்தில் அரசே நூற்றுக்கணக்கான தொழிலாளர்களை இறக்கியது. அந்த நிலத்து மக்களின் இசைவு கேட்கப்படவே இல்லை.

இதே காலத்தில் ‘தொடர்புப் பயணங்கள்’ நடந்தன. 1974இல் ஜாரவாக்களோடு முதல் நட்புச் சந்திப்பு நிகழ்ந்த பின், தேங்காயும் வாழைப்பழமும் ஏற்றிய படகுகளில் அதிகாரிகளும் மருத்துவர்களும் மானுடவியலாளர்களும் மேற்குக் கரைக்குப் போய்வந்தனர். சில வேளைகளில் அரசு விருந்தினரும் உடன் சென்றனர். பணிக்காக ஏற்பட்ட விலக்கு பார்வையாளருக்கும் நீண்டதற்கு இது முதல் எடுத்துக்காட்டு.

1996இல் நடு அந்தமானின் கடம்தலா அருகே கால் முறிந்து கிடந்த ஜாரவா சிறுவன் ஒருவன் போர்ட் பிளேர் மருத்துவமனையில் குணமாகித் தன் மக்களிடம் திரும்பினான். 1997 அக்டோபர் முதல் ஜாரவாக்கள் வில் அம்பின்றிக் குடியிருப்புகளுக்கும் சாலைக்கும் வரலாயினர். 1999இல் தட்டம்மை அவர்களிடையே பரவியது. பெரும் அந்தமானியரின் கதை மீண்டும் தொடங்குமோ என்ற அச்சம் அப்போது நியாயமானதாகவே இருந்தது.

கான்வாய்: கூட்டத்துக்கான அனுமதி

டிரங்க் சாலையில், தென் அந்தமானின் ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை ஏறத்தாழ 50 கி.மீ. குறித்த நேரங்களில் வண்டிகள் வரிசையாகத் திரட்டப்பட்டு, காவலர் துணையோடு ‘கான்வாய்’ ஆக அனுப்பப்படுகின்றன. படிவத்தில் பயணியரின் பெயர், அடையாளச் சான்று, வண்டி எண் ஆகியன பதிவாகின்றன. வழியில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, ஜாரவாக்களுக்கு எதையும் கொடுக்கக் கூடாது. மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டியோடு படகேறினால் அக்கரை பாராடாங். அங்கே நிலம்பூர் துறையிலிருந்து சதுப்புக் காட்டு ஓடைவழியே சுண்ணாம்புக் குகைகளுக்குப் போக வனத்துறையின் அனுமதி தனி.

வண்டிகளுக்கு ஆயுதக் காவல் தொடக்கத்தில் பயணியரை ஜாரவாக்களிடமிருந்து காப்பதற்காக ஏற்பட்டது. பகைமை தணிந்தபின் அதே காவல் ஜாரவாக்களைப் பயணியரிடமிருந்து காப்பதாக விளக்கம் பெற்றது. நோக்கம் தலைகீழானாலும் அனுமதியின் வடிவம் மாறவில்லை. 1956இன் அனுமதிச் சீட்டு ‘நீ யார், ஏன் போகிறாய்?’ என்று கேட்டது. கான்வாய் படிவமோ ஆளையும் வண்டியையும் பதிவு செய்கிறது. போகும் தேவையை எடைபோடுவதில்லை. நடு அந்தமானின் ரங்கத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு விரையும் நோயாளி, போர்ட் பிளேர் மொத்தக் கடையிலிருந்து சரக்கேற்றிச் செல்லும் தமிழ் வணிகர், குகை பார்க்க வந்த உல்லாசப் பயணி, ஜாரவாவைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலோடு வந்தவர் ஆகிய நால்வரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். முதல் இருவருக்குச் சாலை வாழ்வாதாரம். மற்ற இருவரின் தேவையை யாரேனும் ஆராய்ந்திருந்தால் இவ்வரிசை சுருங்கியிருக்கும்.

நீதிமன்றத்தில் சாலை

1999இல் ஜாரவாக்களுக்கு மறுவாழ்வு கோரிக் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு, வல்லுநர் குழுவுக்கும் பின் 2004 டிசம்பரின் ஜாரவா கொள்கைக்கும் வழிவகுத்தது. அம்மக்களின் தன்னாட்சியை மதித்து இயன்றவரை குறுக்கிடாதிருப்பதே அதன் சாரம். காப்பகம் 1,028 சதுர கி.மீ. ஆக விரிந்தது. இதற்கிடையே கோதவர்மன் திருமுல்பாடு வனவழக்கில், தான் அமைத்த சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்ற உச்ச நீதிமன்றம், காப்பகத்தை ஊடுருவும் சாலைப் பகுதிகளை மூடுமாறு 2002 மே 7 அன்று உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை.

2007இல் காப்பகத்தைச் சுற்றி 5 கி.மீ. இடைவளையம் அறிவிக்கப்பட்டது. உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைத்த காணொளி 2012 ஜனவரியில் வெளிவந்து நாட்டைத் தலைகுனிய வைத்தது. அவ்வாண்டே 1956 சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாயின. கொடிய குற்றங்களுக்கு ஏழாண்டு வரை சிறை. 2013 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணியர் இச்சாலையில் போவதை இடைக்காலமாகத் தடுத்தது. நிருவாகம் இடைவளையத்தைத் திருத்தி அறிவித்தபின், மார்ச்சில் அந்தத் தடை நீங்கியது. உள்ளூர் மக்களையும் சுற்றுலாப் பயணியரையும் பிரித்துப் பார்த்த இந்த நடவடிக்கை ஏறத்தாழ ஆறு வாரமே நிலைத்தது. ஆனாலும் அந்த ஆறு வாரங்கள் ஒன்றை மெய்ப்பித்தன: பிரித்துப் பார்ப்பது நடைமுறையில் இயலாத செயலன்று.

2018: ஒரு விலக்கு, ஒரு மரணம்

2018இல் உள்துறை அமைச்சகம் ஏறத்தாழ முப்பது தீவுகளுக்கு, 2022 இறுதி வரை, ஆர்ஏபி தேவையிலிருந்து அயல்நாட்டாருக்கு விலக்களித்தது. பட்டியலில் பாராடாங் இருந்தது. வெளியாரை ஏற்காத சென்டினல் மக்கள் வாழும் வட சென்டினலும் இருந்தது. வந்த 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், பழங்குடிக் காப்பகத்துக்கும் காப்புக்காட்டுக்கும் தனி அனுமதி வேண்டும் என்ற நிபந்தனைகள் எழுத்தில் இருந்தன. நவம்பரில் அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சாவ், மீனவர் சிலரின் உதவியோடு வட சென்டினலில் இறங்கிக் கொல்லப்பட்டார். தேசியப் பழங்குடியினர் ஆணையம் விலக்கை மறுபரிசீலிக்குமாறு கேட்டது. பகுதி அனுமதி தளர்ந்தாலும் 1956 சட்டம் அப்படியே நிற்கிறது என்று அரசு விளக்கியது.

அவ்விளக்கம் சட்டப்படி சரியானது. ஆனால் ஓர் அடுக்கில் தரப்பட்ட விலக்கு, மற்ற அடுக்குகளும் திறந்துவிட்டன என்னும் எண்ணத்தைப் பொதுவெளியில் விதைத்தது. வட சென்டினலின் பெயரைச் சேர்க்கும்முன், பழங்குடிகள் நலனுக்குப் பொறுப்பானவர்களின் எழுத்துவழிக் கருத்து கட்டாயம் என்று விதி இருந்திருந்தால் அப்பெயர் பட்டியலில் ஏறியிருக்காது.

பிற விலக்குகளோடு ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் 1952 குடிவரவுச் சட்டத்தில், நுழையத் தகாதவர் எனப்பட்டவர் ஐ-601 படிவத்தில் விலக்குக் கோரலாம். சட்டவிரோதமாகத் தங்கியதற்காகத் தடைபட்டவர், தமக்கு நேரும் துன்பத்தைச் சொன்னால் போதாது. குடிமகனாகவோ நிரந்தர வாசியாகவோ உள்ள தம் வாழ்க்கைத்துணைக்கு அல்லது பெற்றோருக்குக் கடும் இடர் நேரும் என்று ஆவணங்களால் நிறுவ வேண்டும். அதன் பிறகும் முடிவு அலுவலரின் விருப்புரிமை. இங்கே விண்ணப்பிப்பவர் ஒருவர். யாருடைய துன்பம் எடைபோடப்படுகிறதோ அவர் வேறொருவர். அந்த வேறொருவருக்குக் கோப்பில் இடம் உண்டு.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் புதிய குடிவரவு, அயல்நாட்டார் சட்டம் 1946 சட்டத்தை நீக்கியது. அதன் கீழான விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, விசா விதிகளிலிருந்து விடுவித்தது. இது நாள் குறித்து ஒரு வகுப்பினருக்கு மொத்தமாகத் தரப்பட்ட விலக்கு. முகாம்களில் பல்லாண்டு வாழ்ந்த மக்களிடம் தனித்தனியே காரணம் கேட்பது கொடுமையாகியிருக்கும். இங்கே மொத்த விலக்கே நீதி. ஏனெனில் இந்த விலக்கால் மூன்றாம் தரப்பு எதுவும் பாதிக்கப்படவில்லை. ஜிர்காடாங் சாவடியில் நிலை வேறு. அங்கே தரப்படும் ஒவ்வொரு விலக்கின் விலையையும், 2011 கணக்கெடுப்பில் 380 பேரே இருந்த ஒரு மக்கள் கூட்டம் தன் உடல்நலத்தாலும் தன்மானத்தாலும் செலுத்துகிறது. அவர்கள் செலுத்தும் விலையை எடைபோடப் படிவத்தில் ஒரு வரியும் இல்லை.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, 1956இல் தனி ஆளுக்கும் தனி நோக்கத்துக்கும் உரியதாக இருந்த விலக்கு, சாலை, தொடர்புப் பயணம், கான்வாய், பட்டியல் அறிவிப்பு ஆகிய படிகளில் கூட்டத்துக்கு உரியதாயிற்று. இரண்டாவது, தண்டனை கூடக்கூட விலக்கும் எளிதாயிற்று. ஆகவே தண்டனையை மட்டும் வைத்துப் பாதுகாப்பை அளப்பது தவறு. மூன்றாவது, விலக்கால் பாதிக்கப்படும் மூன்றாம் தரப்பு இருக்குமிடத்தில் மொத்த விலக்கு பொருந்தாது.

செய்யத்தக்கவை தெளிவானவை. ஜிர்காடாங் சாவடியில் உள்ளூர் மக்கள், நோயாளிகள், சரக்கு வண்டியோர் ஆகியோரைச் சுற்றுலாவிலிருந்து பிரித்து, சுற்றுலாப் பயணியரைக் கடல்வழியே பாராடாங் சேர்க்க வேண்டும். எந்தத் துறை எந்த அடுக்கில் விலக்களித்தாலும், பழங்குடிகள் நலத்துறையின் காரணம் கூறிய கருத்து கோப்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு விலக்குக்கும் காலவரையும் மறு ஆய்வும் வேண்டும். பாராடாங் மக்களின் பயண உரிமையும் ஜாரவாக்களின் வாழ்வுரிமையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. தேவையையும் ஆவலையும் ஒரே வரிசையில் நிறுத்தும் நடைமுறைதான் அவற்றைப் பகையாக்குகிறது. அவ்வரிசையைப் பிரிக்கும் அதிகாரம் 1956 முதல் நிருவாகத்தின் கையிலேயே இருக்கிறது.