மிதியிலிருந்து முழங்காலுக்கு: பெடல் ஸ்டீல் கிட்டாரும் கோட்டுவாத்தியம் போகாத வழியும்

தந்தியை விரலால் மெட்டின்மேல் அழுத்தாமல், வழுவழுப்பான கட்டையொன்றை அதன்மேல் நகர்த்தி வாசிக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெகுதொலைவில் உள்ள இரண்டு ஊர்களில் வேர்விட்டது. ஒன்று காவிரிக்கரைத் திருவிடைமருதூர். அங்கே சீனிவாச ராவும் அவர் மகன் சகாராம் ராவும் மெட்டில்லாத வாத்தியத்தில் கட்டையை ஓட்டி வாசித்துக் கோட்டுவாத்தியத்துக்குக் கச்சேரி மேடையில் இடம் பிடித்துக் கொடுத்தார்கள். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் பயின்றது இந்தச் சகாராம் ராவிடம்தான். இன்னொன்று ஹவாய்த் தீவுகள். ஓவாஹு தீவின் லாயி ஊரில் 1874இல் பிறந்த ஜோசப் கெக்கூக்கூ, பள்ளி மாணவனாக இருக்கும்போதே கிட்டாரை மடியில் கிடத்தி, இரும்புத் துண்டைத் தந்திமேல் ஓட்டி வாசிக்கும் முறையை உருவாக்கினார் என்பது பெரும்பாலோர் ஏற்கும் வரலாறு. கேப்ரியல் டேவியன் என்ற, இந்தியாவில் பிறந்த ஒருவர் அவருக்கு முன்பே ஹொனலூலுவில் அப்படி வாசித்துக் காட்டினார் என்றும் ஒரு கூற்று உண்டு. அதைக் கொண்டு ஹவாய் இசைக்கு நாம் உரிமை கொண்டாடத் தேவையில்லை. பிறப்பிடத்தைவிட, பிறந்த பிறகு இந்த இரண்டு வாத்தியங்களும் பிரிந்துபோன வழிதான் ஆராயத் தக்கது.

பிரிவுக்குக் காரணம் கட்டையின் வடிவத்திலேயே இருக்கிறது. நேரான கட்டை எல்லாத் தந்திகளையும் ஒரே இடத்தில் தொடுகிறது. ஒரு தந்தி ஒரு சுரம் ஏறினால் மற்றவையும் அதே அளவு ஏறும். ச-க-ப என்று கூட்டிய மூன்று தந்திகள்மேல் கட்டையை எங்கே கொண்டுபோனாலும் கிடைப்பது அதே ச-க-ப உறவுதான். சட்ஜம் அசையாமல் நிற்க, பக்கத்தில் காந்தாரம் மட்டும் மத்யமத்துக்குப் போக வேண்டும் என்றால் நேராக வைத்த கட்டையால் முடியாது.

கோட்டுவாத்தியத்துக்கு இது குறையே அல்ல. நம் இசை ஒரே இழையாக ஓடுவது. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பாடுகிறது. சுருதித் தந்திகள் பின்னால் ஒலித்தால் போதும். இன்று சித்திரவீணை எனப்படும் இந்த வாத்தியத்தில் 21 தந்திகள்: வாசிக்க ஆறு, சுருதிக்கும் தாளத்துக்கும் மூன்று, அடியில் தானாக அதிர்ந்து அனுநாதம் தரப் பன்னிரண்டு. சகாராம் ராவின் சீடரும் மைசூர் அரண்மனை வித்துவானுமான நாராயண ஐயங்கார், பிறகு அவர் பேரன் ரவிகிரண் எனக் கைமாறி வந்தபோது வாசிப்பு நுட்பமும் கட்டையும் தந்தி அமைப்பும் மாறின. கருங்காலி, எருமைக்கொம்பு, கண்ணாடி என்று இருந்த கட்டை ரவிகிரண் கையில் டெஃப்லான் ஆனது. காலுக்கு மட்டும் அதில் வேலை வரவே இல்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை அந்த நாட்டையே பிடித்துக்கொண்டது. 1932இல் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் மின்கிட்டார், வாணலி போன்ற அதன் வடிவத்தால் பெயர் பெற்ற அந்த வாத்தியம், சந்தைக்கு வந்தது. ஒலி பெரிதானதும் நடனக் குழுக்களும் கிராமிய இசைக் குழுக்களும் அதை நடுமேடைக்கு இழுத்தன. அங்கே ராகம் இல்லை; பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டு உண்டு. பாட்டு ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது சில சுரங்கள் நிற்க, சில நகர வேண்டும். வாசிப்பவர்கள் கண்ட முதல் வழி, ஒரே பலகையில் இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகளை வரிசையாகப் பொருத்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி கூட்டியது. பாட்டின் நடுவில் இரண்டு கையையும் தூக்கி அடுத்த கழுத்துக்குத் தாவினார்கள். தாவும் அந்தக் கணத்தில் இசை அறுந்தது.

கைக்கு ஓய்வில்லை என்றால் காலைக் கேள் என்பது பழைய யோசனைதான். லண்டனில் எரார் 1810இலேயே யாழ் வகை வாத்தியமான ஹார்ப்புக்கு இரட்டை இயக்கப் பெடல்களை அமைத்துவிட்டார். 1940ஐ ஒட்டிக் கிப்ஸன் நிறுவனம் வெளியிட்ட பெடல் கிட்டாருக்கு ‘எலெக்ட்ராஹார்ப்’ என்று பேர் வைத்ததில் அந்தத் தொடர்ச்சி தெரிகிறது. அதைப் பலரறியச் செய்தவர் குழுத்தலைவர் ஆல்வினோ ரே. இண்டியானாபொலிஸின் ஹார்லின் சகோதரர்கள் ‘மல்ட்டிகார்ட்’ என்ற பெடல் வாத்தியத்தை உருவாக்கினார்கள். இந்த முதல் தலைமுறையில் பெடலின் வேலை என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். மிதித்தால் சுருதிக்கட்டு மாறும். மாறிய பிறகு தந்தியை மீட்டுவார்கள். கழுத்து மாறுவதற்குப் பதிலாகப் பெடல், அவ்வளவே. மாறும் ஓசை கேட்பவர் காதில் விழக்கூடாது என்பதே அப்போதைய கருத்து.

கலிபோர்னியாவின் பால் பிக்ஸ்பி மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை பார்த்தவர், பந்தய வீரர், கைதேர்ந்த மெஷினிஸ்ட். ஸ்பீடி வெஸ்ட் என்ற கலைஞருக்கு அவர் 1948இல் செய்து கொடுத்த மூன்று கழுத்து, நான்கு பெடல் கிட்டார்தான் பிற்கால வடிவத்துக்கு முன்மாதிரி. இந்த வாத்தியத்தின் வரலாற்றில் இசைக்கலைஞருக்குச் சமமாகக் கடைசல் பட்டறைக்காரரும் வருகிறார். பட்டறைகள் நிறைந்த கோவைப் பக்கத்து வாசகருக்கு இது வியப்பாக இராது.

திருப்பம் 1953இன் இறுதியில் வந்தது. வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’ என்ற பாட்டின் ஒலிப்பதிவில் பட் ஐசக்ஸ், பிக்ஸ்பியின் கிட்டாரில் தந்தியை முதலில் மீட்டிவிட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். நம் சுரக்கணக்கில் சொன்னால், ச-க-ப ஒலிக்கிறது, கட்டை அசையவில்லை, சட்ஜம் அப்படியே நிற்கிறது, காந்தாரம் மத்யமத்துக்கும் பஞ்சமம் தைவதத்துக்கும் வழுக்கி ஏறுகின்றன, ச-ம-த பிறக்கிறது. அதுவரை மறைத்துவைத்த மாற்றமே இசையாகிவிட்டது. 1954இல் அந்தப் பாட்டு அமெரிக்கக் கிராமியப் பட்டியலில் வாரக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. அதே ஓசை வேண்டும் என்று வாசிப்பவர்கள் தங்கள் பழைய கிட்டார்களுக்கு அடியில் கம்பியும் கட்டையும் வைத்துக் கட்டத் தொடங்கினார்கள்.

ஐசக்ஸின் ஒரே பெடல் இரண்டு சுரங்களையும் சேர்த்தே ஏற்றியது. 1937இல் பிறந்த பட்டி எம்மன்ஸ், இருபது வயது ஆவதற்குள், 1956இல் அதை இரண்டாகப் பிரித்தார். ஒரு பெடல் பஞ்சமத்தை மட்டும் தைவதமாக்கும். பக்கத்துப் பெடல் காந்தாரத்தை மட்டும் மத்யமமாக்கும். இரண்டும் அருகருகே இருப்பதால் கணுக்காலைச் சற்றுச் சாய்த்தால் ஒன்று, நேராக வைத்தால் இரண்டும். இந்த வரலாற்றில் நான் மிக மதிக்கும் படி இதுதான். புதிய பாகம் ஏதும் சேர்க்காமல், இருந்ததைப் பிரித்ததாலேயே வாத்தியத்தின் பேச்சு பன்மடங்காயிற்று. எம்மன்ஸ் ஷாட் ஜாக்சனுடன் சேர்ந்து ‘ஷோ-பட்’ நிறுவனத்தைத் தொடங்கினார். 1962இல் ஈ-9 எனப்படும் சுருதிக்கட்டில் மேலும் இரண்டு தந்திகளைச் சேர்த்துப் பத்தாக்கினார். 1963இல் தன் பெயரிலேயே இன்னொரு நிறுவனம் கண்டார். பெடல்களின் வரிசையைத் திருப்பிப்போட்டவர் ஜிம்மி டே. அதனால் வாங்குபவரிடம் ‘எம்மன்ஸ் வரிசையா, டே வரிசையா’ என்று இன்றும் கேட்கிறார்கள்.

சென்னிமலையிலோ பவானியிலோ குழித்தறியில் நெய்பவரைப் பார்த்தவருக்கு இந்த இயந்திரம் அந்நியமாகத் தோன்றாது. கால் குழிக்குள் மிதிமேல் இருக்கிறது. மிதித்ததும் விழுது பாவில் வேண்டிய இழைகளை மட்டும் தூக்குகிறது. மற்றவை அசையாமல் நிற்கின்றன. கை நாடாவுக்கு முழுக்கக் கிடைக்கிறது. கோலம் கூடக் கூட மிதியும் கூட வேண்டும். ஆனால் மனிதனுக்குக் கால் இரண்டுதான். தறியில் அந்த நெருக்கடி வந்தபோது டாபியும் ஜக்கார்டும் தறியின் தலைக்கு மேல் ஏறின. கிட்டாரில் வழி கீழேயே திறந்தது.

கிட்டாரில் நெருக்கடி இன்னும் கடுமை. வலது கால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடலில் நிலையாக இருக்கிறது. தந்தியை மீட்டிய வேகம் தணியத் தணிய ஒலியளவைக் கூட்டி நாதத்தை நீட்டுவதே இந்த வாத்தியத்தின் அழுகைக்கு உயிர். அதை விட முடியாது. எஞ்சியது இடது கால் மட்டும். அது ஒரு நேரத்தில் அடுத்தடுத்த இரண்டு பெடல்களைத்தான் மிதிக்கும். ஆனால் உட்கார்ந்து வாசிப்பவரின் இரண்டு முழங்கால்களும் பலகைக்கு அடியில் சும்மா இருக்கின்றன; இடம், வலம், மேல் என மூன்று பக்கமும் அசையக்கூடியவை. அங்கே லீவரைத் தொங்கவிட்டவர்களில் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் ஜேன் பெக். காலம் 1950களின் தொடக்கம். பரவலாகி ஏறத்தாழ எல்லா வாத்தியத்திலும் இடம்பெற 1960கள் முழுக்கத் தேவைப்பட்டன.

முழங்கால் லீவர் கூடுதலாக ஒரு பெடல் என்று எண்ணுவது போதாது. அதன் உண்மையான வரவு, தந்தியை இறக்குவதில் இருக்கிறது. குதிரையின் இடத்தில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சிறு உலோக விரல், அச்சில் முன்னும் பின்னும் சாயும்படி நிற்கிறது. தந்தி அதன் முதுகின்மேல் வளைந்து போகிறது. பெடலோ லீவரோ அசைந்தால் குறுக்குத் தண்டு சுழன்று, இழுகம்பி வழியாக விரலைச் சாய்க்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் தந்தி இறுகிச் சுரம் ஏறும். மறுபக்கம் தளர்ந்து இறங்கும். விட்டதும் ஸ்பிரிங் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். ஒரே விரல் ஏற்றமும் இறக்கமும் செய்து, இரண்டிலிருந்தும் அச்சு அசலாக அதே சுருதிக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் பட்டறைகளுக்கு வந்த சோதனை. எம்மன்ஸ் நிறுவனத்தின் தள்ளு-இழு அமைப்பும் பிற்காலத்து முழு-இழுப்பு அமைப்பும் இதற்கு வெவ்வேறு விடைகள்.

இசையில் இதனால் விளைந்ததை ஒரு கார்டை வைத்துப் பார்க்கலாம். ஈ-9 கட்டில் ஜி மேஜர் வேண்டும். கழுத்தில் மெட்டுக்குப் பதில் கோடுகள்தான். 3ஆம் கோட்டில் கட்டையை வைத்தால் பெடல் இல்லாமலே அது கிடைக்கும். இரண்டு பெடலையும் மிதித்தால் 10ஆம் கோட்டில் கிடைக்கும். நடுவே ஏழு கோடு இடைவெளி. ஐசக்ஸ் காலத்தில் அது வெற்றிடம். சட்ஜத் தந்தியைச் சுத்த ரிஷபத்துக்கு ஏற்றும் லீவர் வந்ததும், அதனுடன் பஞ்சமப் பெடலையும் சேர்த்தால் 6ஆம் கோட்டில் அதே ஜி மேஜர். இப்போது ஒரே கார்டு கழுத்தில் மூன்று படிகளாக நிற்கிறது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கட்டை ஏறும்போதே காலும் முழங்காலும் சேர்ந்து அசைந்தால் சில தந்திகள் மேலும் சில கீழும் நகர, அறுபடாமல் இணைகின்றன. அதே சட்ஜத்தைக் காகலி நிஷாதத்துக்கு இறக்கும் எதிர் லீவர், க-ப-நி என்ற மைனர் கார்டைத் தருகிறது. பலருடைய அமைப்பில் இவை இரண்டும் இடது முழங்காலின் இரு பக்கங்களில் இருக்கின்றன: இடம் தள்ளினால் ஏற்றம், வலம் தள்ளினால் இறக்கம். மூன்று பெடல், நான்கு அல்லது ஐந்து முழங்கால் லீவர் என்ற இன்றைய பொது அமைப்பு இப்படித்தான் திரண்டது.

இந்தியாவுக்கு ஹவாய்க் கிட்டார் வந்தபோது அதனுடன் பெடல் வரவில்லை. டாவ் மோ குடும்பத்தினர் 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார்கள். அந்த நகரத்திலேயே கார்னி நிஸ், பிறகு சுனில் கங்குலி என்று ஒரு மரபு எழுந்தது. தமிழ்த் திரைப்பாட்டுகளிலும் அந்த வழுக்கோசை குடியேறியது. பிரிஜ் பூஷண் காப்ரா அதை இந்துஸ்தானி ராகத்துக்குத் திருப்பினார்; 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌரசியாவுடன் அவர் வாசித்த ‘கால் ஆஃப் த வேலி’ பெரும் புகழ் பெற்றது. 1994இல் கிராமி விருது பெற்ற விஸ்வமோகன் பட் தன் மோகன வீணையில் சேர்த்தவை சுருதித் தந்திகளும் அனுநாதத் தந்திகளும். வடக்கிலும் தெற்கிலும் நம் கலைஞர்கள் கூட்டியது தந்தியைத்தான். இதைப் பின்தங்கல் என்று கொள்வது தவறு. லீவர் தந்தியை இரண்டு நிலைத்த புள்ளிகளுக்கு நடுவே நகர்த்துகிறது. போய்ச் சேரும் இடம் திருகில் முன்பே தீர்மானமாகிவிட்டது. தோடியின் காந்தாரம் அப்படி ஓரிடத்தில் போய் நிற்பதில்லை. அதன் அசைவைத் தர, கட்டையைப் பிடித்த இடது கைதான் வேண்டும்.

ஆனாலும் ஓரிடத்தில் கால் நமக்கும் உதவும் என்று கருதுகிறேன். சித்திரவீணையின் அனுநாதத் தந்திகளை ராகத்துக்கு ஏற்பச் சுருதி சேர்க்க வேண்டும். மோகனத்துக்குச் சேர்த்தவை தோடிக்கு ஒத்துவரா. உருப்படிகளுக்கு நடுவே பிருடைகளைத் திருக வேண்டியிருக்கிறது. மீட்டுவதற்கு முன் மொத்தச் சுருதிக்கட்டையும் மாற்றிக்கொள்ளும் எலெக்ட்ராஹார்ப்பின் பழைய வழி, ஐசக்ஸுக்குப் பின் பெருமளவு கைவிடப்பட்ட அந்த வழி, இதற்கு அப்படியே பொருந்தும். பன்னிரண்டு விரல், ரி-க-த-நி பேதங்களுக்குச் சில லீவர், தரையில் அமர்ந்து வாசிப்பதால் பெடலுக்குப் பதில் முழங்காலோ கைப்பிடியோ. பாரம் குடத்திலும் தண்டிலும் ஏறாதபடி தனிச் சட்டத்தில் அமைக்க வேண்டும். பலாமரத்தின் நாதம் கெடுகிறதா என்று ஒவ்வொரு பாகம் சேர்க்கும்போதும் கேட்டுப் பார்க்க வேண்டும். நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் கோவையின் கணபதி, பீளமேட்டுப் பட்டறைகளுக்கு இந்தக் கடைசல் வேலை கடினமானதல்ல. வித்துவான் ஒருவர் வாத்தியத்தோடு பட்டறையில் உட்கார்ந்து, எந்தத் தந்தி எவ்வளவு இறங்க வேண்டும் என்று வாசித்துக் காட்டினால் வேலையைத் தொடங்கலாம்.