அணு உலையின் காப்புச் சுவர்

விறகு எரிந்து முடிந்ததும் சாம்பலை அள்ளி வாழை மரத்தடியில் கொட்டுகிறோம். அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை அப்படிக் கொட்ட முடியாது. உலைக்குள் போகுமுன் கையுறை அணிந்து தொடக்கூடிய யுரேனியம், வெளியே வரும்போது அருகில் நிற்பவரைக் கொல்லும் கதிர்களை வீசுகிறது. அக்கதிர்களுக்கு நிறமில்லை, மணமில்லை. அவற்றைத் தடுக்க மனிதன் கற்றுக்கொண்ட வரலாற்றை இன்று காண்போம்.

1942 டிசம்பர் 2ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகரில், விளையாட்டு மைதானத்துப் பார்வையாளர் மேடையின் கீழ், என்ரிக்கோ பெர்மி குழுவினர் உலகின் முதல் அணு உலையை இயக்கினர். அதற்குக் காப்புச் சுவரே இல்லை. அன்று உண்டான ஆற்றல் அரை வாட் மட்டுமே என்பதால் அது முடிந்தது. மறு ஆண்டு ஓக் ரிட்ஜில் எழுந்த பெரிய உலையைச் சுற்றி 7 அடி கனத்தில் கான்கிரீட் சுவர் கட்டினார்கள்.

சுவரின் கனத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்? கணக்குப் போட்டுத்தான். கோபால்ட்-60 என்னும் பொருள் வீசும் காமாக் கதிரில் பாதியை ஏறக்குறைய 1.2 செ.மீ. கனமுள்ள ஈயம் தடுத்துவிடும். இன்னொரு தகடு வைத்தால் மீதியிலும் பாதி குறையும். இப்படிப் பத்துத் தகடுகள் வைத்தால், ஆயிரத்தில் ஒரு பங்கே வெளியே வரும்.

நியூட்ரான் என்னும் துகளுக்கோ ஈயம் மட்டும் போதாது. கோலிக்குண்டு சுவரில் மோதினால் வேகம் குறையாமல் திரும்பும்; தன்னையொத்த கோலியில் மோதினால் வேகத்தை இழக்கும். நியூட்ரானுக்கு ஒத்த எடையுள்ள ஹைட்ரஜன் தண்ணீரில் இருக்கிறது. ஆகவே தீர்ந்த எரிபொருளை முதலில் ஆழமான தண்ணீர்த் தொட்டியில் வைக்கிறார்கள். தண்ணீர் சூட்டையும் தணிக்கிறது, கதிரையும் தடுக்கிறது. சில ஆண்டுகள் சென்றபின் கனத்த எஃகு, கான்கிரீட் பெட்டகங்களுக்கு மாற்றலாம். அமெரிக்காவின் சர்ரி நிலையத்தில் 1986இல் இம்முறை தொடங்கியது.

எரிபொருளை எடுத்துவிட்டால் ஆபத்து தீர்ந்ததா? இல்லை. நியூட்ரான்கள் உலையின் இரும்பையே கதிர் வீசும் பொருளாக்கிவிடுகின்றன. இரும்பில் கலந்துள்ள சிறிதளவு கோபால்ட், கோபால்ட்-60 ஆக மாறுகிறது. அதன் வீரியம் பாதியாகக் குறைய 5 ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகும். பென்சில்வேனியா மாநிலத்தில் 1957 முதல் இயங்கிய ஷிப்பிங்போர்ட் உலையை 1982இல் நிறுத்தினார்கள். எரிபொருளை அகற்றியபின், 1988இல் உலைக்கலனை வெட்டாமல் முழுதாகவே தூக்கினார்கள். கான்கிரீட் நிரப்பிய காப்புடன் அதைப் படகில் ஏற்றி, பனாமா கால்வாய் வழியாக ஹான்போர்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். வெட்டியிருந்தால் தொழிலாளர்கள் அதிகக் கதிர்வீச்சுக்கு ஆளாகியிருப்பார்கள்.

அதே 1982இல் நம் நாட்டில், சிலாங்கூர் பாங்கியில், ஆராய்ச்சிக்கான சிறிய அணு உலை இயங்கத் தொடங்கியது. அதன் நடுப்பகுதியும் தண்ணீருக்கு அடியில், கான்கிரீட் சுவருக்குள்தான் இருக்கிறது.

நேயர்களே, கண்ணுக்குத் தெரியாத ஆபத்தின் முன் துணிச்சல் உதவாது. அளந்து அமைத்த காப்பே உதவும். அந்தக் காப்பு வேலை தொடங்குமுன் இருக்க வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் நம்மவர்க்கும் இது பொருந்தும். கையுறையும் முகமூடியும் சலுகையல்ல. அவை நாம் கேட்டுப் பெற வேண்டிய காப்புச் சுவர்.