ஒரு குடம் ஆற்றுத் தண்ணீர்

சங்கரன்கோவிலில் நல்ல தண்ணீர் என்றால் பெரும்பாலும் தாமிரபரணித் தண்ணீர்தான். அது பிறக்கும் இடம் பொதிகை மலை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் வாங்கும் அந்தக் காடு, பெய்ததை வேரிலும் மண்ணிலும் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். மழையில்லாத மாதங்களிலும் ஆறு ஓடுவது அந்தக் கசிவால்தான்.

மலையிறங்கும் முன்பே, 143 அடிப் பாபநாசம் அணை தண்ணீரைத் தேக்கிக்கொள்கிறது. 1944 முதல் அதில் மின்சாரம் எடுக்கிறார்கள். சமவெளிக்கு வந்ததும் கார், பிசானம் என்று இரு போக நெல்லுக்குக் கால்வாய்கள் பங்கு கேட்கும். கரையோர ஊர்களும் தூத்துக்குடி ஆலைகளும் அதே ஆற்றை நம்பித்தான் இருக்கின்றன.

நெல்லைப் பக்கம் ஆற்றுக்குள் உறைகிணறுகளைப் பார்க்கலாம். மேலே ஓடுகிற தண்ணீரை அவை அப்படியே எடுப்பதில்லை. மணல் வழியே கசிந்து, கலங்கல் கழிந்து ஊறுவதைத்தான் மோட்டார் இழுக்கிறது. மணலை அள்ளிவிட்டால் இயற்கையான வடிகட்டி போய்விடும். ஆற்றின் மட்டமும் இறங்கிவிடும். தாமிரபரணியில் மணல் அள்ளக் கூடாது என்று கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு வழக்குப் போட்டுத் தாமே வாதாடினார். 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. காப்பாற்றப்பட்டது மணல் மட்டுமல்ல, தொலைதூர ஊர்களின் குடிநீரும்தான்.

நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் வடமேற்கே 50 கிலோமீட்டருக்கு மேல்; அதைவிட மேடான ஊர். தண்ணீர் தானாக வராது, ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். கரண்ட் போனாலோ குழாய் உடைந்தாலோ பயணம் பாதியில் நின்றுவிடும். வெள்ளத்திலும் நிற்கும்: 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது உறைகிணறுகளும் குழாய்களும் சேதமாகி, சுற்றிலும் வெள்ளம் நிற்க, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்த ஊர்கள் உண்டு.

ஊருக்குள் வந்த தண்ணீர் மேல்நிலைத் தொட்டியில் ஏறி, குளோரின் கலந்து, வால்வு திறப்பவர் கைக்கு வருகிறது. "தண்ணி எப்ப விடுதாவ?" என்ற கேள்விக்கு நிச்சயமான பதில் அவரிடம்தான் கிடைக்கும். பிடித்த குடம் அடுப்படிக்குப் போகும். துவைக்கவும் கழுவவும் போர்த் தண்ணீர்.

இத்தனைக்கும் இந்த ஊர் தாமிரபரணிப் படுகையில் இல்லை. இங்கே பெய்யும் மழை ஓடைகளிலும் நிட்சேபநதியிலும் சேர்ந்து வைப்பாற்றுக்குப் போகிறது. வழியில் அதை நிறுத்தத்தான் முன்னோர் குளம் வெட்டினார்கள். வரத்துக்கால் அடைபட்டால் குளம் நிறையாது. குளம் நிறையாவிட்டால் கிணறும் போரும் ஊறாது, உப்பும் கூடும். குளம் தூர்வாரும் செலவைக் குடிநீர்ச் செலவாகவே எழுத வேண்டும். துவைக்கவும் கழுவவும் உள்ளூர் நிலத்தடி நீர் கைகொடுக்கும்வரைதான், குடிப்பதற்கு மட்டும் என்று ஆற்றிடம் அளவாகக் கேட்க முடியும்.