எபிக்கில் முதலீடு, ஸ்டீமிலும் விற்பனை

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டைத் தலைமையிடமாகக் கொண்ட பில்லுண்ட் நகராட்சியில்தான் லெகோ நிறுவனம் 1932-இல் பிறந்தது. அதன் உரிமையாளர் குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான கிர்க்பி, 2022-இல் அமெரிக்காவின் எபிக் கேம்ஸில் 100 கோடி டாலர் முதலிட்டது. ஜப்பானின் சோனியும் அப்போது அதே தொகையை அளித்தது.

எபிக் 2018-இல் திறந்த இணைய விளையாட்டுக் கடை, விற்பனையில் 12 சதவீதத்தை மட்டுமே பங்காகக் கேட்டது. முன்னோடியான ஸ்டீம் பெறுவது பொதுவாக 30 சதவீதம். விளையாட்டுகளை உருவாக்குவோருக்கு இது சிறிய இடைவெளியன்று.

எனினும், 2024 நவம்பரில் சோனி வெளியிட்ட 'லெகோ ஹொரைசன் அட்வென்ச்சர்ஸ்' எபிக்கில் மட்டுமன்றி ஸ்டீமிலும் விற்பனைக்கு வந்தது. போட்டியாளரான நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கும் அதே நாளில் வந்ததுதான் வியப்பு. வாங்கிச் சேர்த்த விளையாட்டுகளும் நண்பர்களும் ஸ்டீமில் இருக்க, கணினியில் விளையாடுவோர் பலர் அக்கடையை விட்டு நகர்வதில்லை.